ஒரே ஸ்கிரிப்ட், மூன்று இயங்குதளம்: எந்தப் பைதானில் ஓட வேண்டும் என்பதை எங்கே எழுதி வைப்பது?

எங்கள் வேலை மூன்று இடத்தில் நடக்கிறது. அச்சகம் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், அங்கே எல்லாம் விண்டோஸ். பக்க வடிவமைப்பு புதுச்சேரி முத்தியால்பேட்டையில், அங்கே மேக். கோப்புகள் வந்து சேரும் வாடகை சர்வர் உபுண்டு. பாமினி, டேப், வானவில் என்று பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த நூல்களை யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்து, மறுபதிப்புக்குத் தயார் செய்கிறோம். இதற்கெனப் பைதான் என்ற நிரல்மொழியில் எழுதிய ஸ்கிரிப்டுகள் பென் டிரைவிலும் வாட்ஸப்பிலும் இரண்டு ஊருக்கும் போய்வருகின்றன. அவை மூன்று இயங்குதளத்திலும் சரியான பைதான் வெர்ஷனில் ஓட என்ன வழி என்பதைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இதே போல இரண்டு மூன்று பேர் சேர்ந்து வேலை பார்க்கும் சிறு அலுவலகங்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிறைய. அவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில், வெர்ஷன் மாறினால் என்ன ஆகும்? உபுண்டு 22.04-உடன் வருவது பைதான் 3.10. 24.04 என்றால் 3.12. மேக்கில் ஆப்பிளின் கமாண்ட் லைன் டூல்ஸ் போட்டால் கிடைப்பது 3.9. விண்டோஸில் யார் எப்போது நிறுவினார்களோ, அன்றைக்கு எது புதிதோ அது. ஸ்கிரிப்டில் ஒரு ‘மேட்ச்’ கூற்று இருந்தால் அது 3.10 முதல்தான் செல்லும். ‘டாம்ல்’ என்ற அமைப்புக் கோப்பைப் படிக்கும் நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) 3.11-இல்தான் பைதானோடு சேர்ந்தது. ஆக, சர்வரில் ஓடுவது மேக்கில் ஓடாது.

ஓடாதபோது வரும் செய்தியும் உதவுவதில்லை. பழைய பைதான் ‘மேட்ச்’ வரியைப் பார்த்ததும் ‘சின்டாக்ஸ் எரர்’ என்று மட்டும் சொல்லும். வெர்ஷன் பழசு என்று சொல்லாது. பார்ப்பவர் கோப்பு கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் வெர்ஷனைச் சோதிக்கும் வரி போட்டாலும் இங்கே பயனில்லை. பைதான் கோப்பு முழுவதையும் படித்துப் புரிந்துகொண்ட பிறகுதான் முதல் வரியையே இயக்கும். படிக்கும்போதே தடுக்கி விழுந்தால் சோதனை வரிக்கு முறையே வராது.

இதாவது சத்தம் போட்டு நிற்கிறது. சத்தமில்லாமல் தவறு செய்வதுதான் ஆபத்து. பழைய கணக்கு ஏடுகளை அச்சுக்கு எடுக்கும் யாருக்கும் முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகள் வேண்டும். 2019 மார்ச்சில் வந்த யூனிகோட் 12.0-இல்தான் இவற்றுக்கு இடம் கிடைத்தது. தமிழுக்கான அந்தத் துணைத் தொகுதியில் 51 குறிகள். ஒவ்வொரு பைதான் வெர்ஷனும் அது வெளியான காலத்து யூனிகோட் அட்டவணையை உள்ளே வைத்திருக்கும். 3.7-க்குள் இருப்பது யூனிகோட் 11. 3.8-க்குள் 12.1. முந்திரிக் குறியை 3.8-இடம் கேட்டால் அதன் பெயரையும் 320-இல் ஒரு பங்கு என்ற மதிப்பையும் சரியாகச் சொல்லும். 3.7-ஐப் பொறுத்தவரை அது ஒதுக்கப்படாத வெற்றிடம். ‘ஒதுக்கப்படாத எழுத்துகளை நீக்கு’ என்று ஒரு சுத்திகரிப்பு வரி ஸ்கிரிப்டில் இருந்தால் முந்திரி பிழைச் செய்தியே இல்லாமல் காணாமல் போகும். நில அளவுக் கணக்கில் அப்படி ஒரு குறி விழுந்தால் அந்தப் பக்கமே பொய்யாகிவிடும். வெர்ஷன் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆகவே ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியால் அளந்தேன்: எந்த வெர்ஷன் வேண்டும் என்ற தகவல் எங்கே இருக்கிறது? கணினியிலா, ஃபோல்டரிலா, தனிப் பெட்டியிலா, ஸ்கிரிப்ட் கோப்புக்குள்ளேயா? எங்களிடையே பயணம் செய்வது கோப்பு மட்டும்தான். கணினியின் அமைப்பு அதோடு சேர்ந்து வராது.

தகவல் கணினியில்: முதல் வரியும் பை லாஞ்சரும்

மிகப் பழைய வழி, ஸ்கிரிப்டின் முதல் வரியில் ஹேஷ், ஆச்சரியக்குறி போட்டு இன்டர்ப்ரெட்டரின் (நிரலைப் படித்து இயக்கும் மென்பொருளின்) பாதையை எழுதுவது. ‘ஷெபாங்’ என்பார்கள். லினக்ஸிலும் மேக்கிலும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலே இந்த வரியைப் படித்து உரிய நிரலை அழைக்கும். நேரடிப் பாதை எழுதாமல் நிரல் இருக்கும் இடத்தைத் தேடி அழைக்கும் ‘என்வ்’ கமாண்ட் வழியாகப் பைதான்3-ஐக் கேட்பதே நல்ல பழக்கம், ஏனென்றால் பைதான் எல்லாக் கணினியிலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஆனால் ‘பைதான்3’ என்றால் 3.9-ம் அதுதான், 3.13-ம் அதுதான். ‘பைதான்3.11’ என்று குறிப்பாக எழுதினால், அது இல்லாத கணினியில் ஸ்கிரிப்ட் தொடங்கவே தொடங்காது.

விண்டோஸ் இந்த வரியைக் கண்டுகொள்வதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க 2012-இல் பைதான் 3.3-உடன் ‘பை’ லாஞ்சர் வந்தது. அது ஷெபாங் வரியைத் தானே படிக்கும், கமாண்டிலேயே 3.11 வேண்டும் என்று குறிப்பிடவும் முடியும். ஒரே கணினியில் நான்கு வெர்ஷன் வைத்திருக்கும் விண்டோஸ்காரருக்கு இது நல்ல கருவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் ‘பை’ என்ற கமாண்ட் மேக்கிலும் உபுண்டுவிலும் தானாக வருவதில்லை. எதிர்ப்பக்கம், பைதான் தளத்திலிருந்து வழக்கமான நிறுவியை இறக்கி நிறுவிய விண்டோஸில் ‘பைதான்3’ என்ற கமாண்ட் இருக்காது. பைதானே நிறுவாத விண்டோஸ் 10-இல் ‘பைதான்’ என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். இதனால் ‘இந்தக் கமாண்டை அடிங்க’ என்று இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு வரி சொல்ல முடியவில்லை.

ஷெபாங் வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் நோட்பேடில் திருத்திச் சேமித்த கோப்பில் வரி முடிவு இரண்டு எழுத்தாக மாறியிருக்கலாம். லினக்ஸ் அந்தக் கூடுதல் எழுத்தையும் இன்டர்ப்ரெட்டர் பெயரின் பகுதியாக எடுத்துக்கொண்டு ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று நிற்கும். திரையில் பார்த்தால் வரி சரியாகவே தெரியும். எடிட்டரில் வரி முடிவை ‘எல்எஃப்’ (லினக்ஸின் ஒற்றை எழுத்து வரி முடிவு) என்று நிலையாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்கிரிப்ட் சின்னது, வெளி நூலகம் எதுவும் வேண்டாம், 3.8 முதல் எதில் ஓடினாலும் சரி என்றால் இந்த வழியே போதும். கோப்புப் பெயர் மாற்றுவது, பக்க எண் சரிபார்ப்பது மாதிரி வேலைகளை இப்படித்தான் வைத்திருக்கிறோம். அதற்கு மேல் எதையும் நிறுவச் சொல்வது வீண்.

தகவல் ஃபோல்டரில்: பைஎன்வ், கோண்டா

பைஎன்வ் பல டெவலப்பர்களுக்குப் பழகிய கருவி. ஃபோல்டருக்குள் ஒரு சின்னக் கோப்பில் வெர்ஷன் எண்ணை எழுதினால், அந்த ஃபோல்டருக்குள் ‘பைதான்’ என்று அடிக்கும்போதெல்லாம் அந்த வெர்ஷன் வரும். லினக்ஸ், மேக் மட்டும் பயன்படுத்தும் குழுவுக்குத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் இது பைதானை மூல நிரலிலிருந்து கம்பைல் செய்கிறது, அதாவது நம் கணினியிலேயே கட்டுகிறது. அதற்கு வேண்டிய நூலகங்கள் முன்பே கணினியில் இருக்க வேண்டும். எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தள மென்பொருளின் மேம்பாட்டுக் கோப்புகள் இல்லாமல் கம்பைல் செய்தால் பைதான் உருவாகிவிடும், ஆனால் எஸ்க்யூலைட் பகுதி இல்லாத பைதானாக உருவாகும். ஒரு மாதம் கழித்து யாரோ தரவுத்தளத்தைத் திறக்கும்போதுதான் தெரியவரும். விண்டோஸை பைஎன்வ் நேரடியாக ஆதரிப்பதில்லை. ‘பைஎன்வ்-வின்’ என்பது தனித் திட்டம், வேறு விதமாக வேலை செய்வது. அச்சகத்தில் விண்டோஸ் மட்டும் இருக்கும்போது எங்களுக்கு இது ஒத்துவரவில்லை.

கோண்டா வேறு ரகம். அது பைதான் வெர்ஷனோடு நிற்காமல், பைதான் அல்லாத மென்பொருளையும் கொண்டுவரும். எங்களுக்கு இது உயிரான விஷயம், ஏனென்றால் தட்டச்சுக் கோப்பே இல்லாத நூல்களை ஸ்கேன் செய்து டெசராக்ட் வழியாக எழுத்தறிய (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க) வேண்டும். டெசராக்ட் பைதானில் எழுதியதல்ல, சி++ நிரல். பைதான் பக்கம் இருப்பது அதை அழைக்கும் ஒரு மெல்லிய உறை மட்டுமே. அந்த உறையைப் பைதானின் நிறுவு கருவியான பிப்பால் நிறுவிவிட்டு ‘டெசராக்ட் கிடைக்கவில்லை’ என்று திகைப்பவர்கள் பலர். சமூகம் நடத்தும் பொதிக் களஞ்சியமான கோண்டா-ஃபோர்ஜில் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் டெசராக்ட் இருக்கிறது. தமிழ் மொழிக் கோப்பும் கூட வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோண்டாவில் இரண்டு எச்சரிக்கை. ஒரு கணினியின் சூழலை அப்படியே ஏற்றுமதி செய்தால் அந்த இயங்குதளத்துக்கே உரிய பில்ட் விவரங்களும் சேர்ந்து எழுதப்படும். மேக்கில் எடுத்தது விண்டோஸில் நிறுவாது. நாமாகக் கேட்ட பொதிகளை மட்டும் பட்டியலிட்ட சிறு கோப்பைக் கையால் எழுதி வைப்பதே நல்லது. அடுத்தது உரிமம். 200 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள் கோண்டாவை உருவாக்கிய அனகோண்டா நிறுவனத்தின் சொந்தச் சேனலை (பொதிக் களஞ்சியத்தை)ப் பயன்படுத்தக் கட்டணம் கட்ட வேண்டும். சிறு அச்சகத்தை இது தொடாது. இருந்தாலும் மினிஃபோர்ஜ் என்ற கோண்டா தொகுப்பை நிறுவினால் அது கோண்டா-ஃபோர்ஜிலிருந்தே எடுத்துக்கொள்ளும், கேள்வியே எழாது.

தனிப் பெட்டி: டாக்கர்

நிரலை அதற்கு வேண்டியவற்றோடு ஒரு தனிப் பெட்டியில் வைத்து ஓட்டும் கருவி டாக்கர். சர்வரில் அதற்கு ஈடில்லை. பைதான், நூலகங்கள், டெசராக்ட் எல்லாவற்றையும் ஒரே படிமமாகக் கட்டி வைத்தால், சர்வர் மாறினாலும் உள்ளே இருப்பது மாறாது. ஆனால் அச்சக மேசையில்? விண்டோஸில் டாக்கர் டெஸ்க்டாப்புக்கு டபிள்யூஎஸ்எல் 2 அல்லது ஹைப்பர்-வி (விண்டோஸுக்குள் வேறு இயங்குதளத்தை ஓட்டும் வசதிகள்) வேண்டும், பயாஸில் விர்ச்சுவலைசேஷன் இயக்கியிருக்க வேண்டும், 4 ஜிபி நினைவகக் கணினி அதற்கே மூச்சு வாங்கும். பைதானின் முழுப் படிமம் விரித்தால் 1 ஜிபி அளவு வரும். நவம்பர், டிசம்பரில் புயல் வந்து கரண்ட் போய், செல்போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை நடக்கும் ஊர் நம்முடையது. 2011-இல் ‘தானே’ புயல், 2024-இல் ‘ஃபெஞ்சல்’ புயல் இரண்டையும் பார்த்த ஊரில், பதிவிறக்க அளவு ஒரு சின்ன விஷயமல்ல.

அச்சகத்துக்கு ஒரே எக்ஸி கோப்பாகக் கட்டிக் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். பைஇன்ஸ்டாலர் அதைச் செய்யும். ஆனால் விண்டோஸுக்கு விண்டோஸிலும் மேக்குக்கு மேக்கிலும் தனித்தனியே கட்ட வேண்டும். ஒரு வரி திருத்தினாலும் மறுபடி கட்ட வேண்டும். ஸ்கிரிப்டை அடிக்கடி மாற்றுபவர்களுக்கு இது சரிவராது.

தகவல் கோப்புக்குள்ளேயே: பெப் 723-ம் யூவியும்

எங்கள் முடிவு இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பைதான் சமூகம் பெப் 723 என்ற தரத்தின் மூலம் ஓர் எளிய ஏற்பாட்டைச் செய்தது. ஸ்கிரிப்டின் மேல்பகுதியில், ஹேஷ் போட்ட கமெண்ட் வரிகளாகவே, இந்தக் கோப்புக்கு எந்தப் பைதான் வேண்டும், எந்தெந்த நூலகங்கள் வேண்டும் என்று எழுதலாம். மூன்று சாய்கோடும் ‘ஸ்கிரிப்ட்’ என்ற சொல்லும் உள்ள வரி தொடக்கம், மூன்று சாய்கோடு மட்டும் உள்ள வரி முடிவு. அச்சகத்தில் பிளேட்டின் ஓரத்திலேயே வேலை எண்ணை எழுதி வைப்பார்களே, அந்த மாதிரி. பிளேட் எந்த மெஷினுக்குப் போனாலும் எண் கூடவே போகும்.

இந்த வரிகளைப் பைதான் தானாகப் படிக்காது. அதற்கு இவை வெறும் கமெண்ட். படித்து நிறைவேற்றும் கருவி வேண்டும். நாங்கள் எடுத்தது யூவி. ஆஸ்ட்ரல் என்ற நிறுவனம் 2024 பிப்ரவரியில் வெளியிட்டது, ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதியது. அதே ஆண்டு ஆகஸ்டில் பைதானையே நிறுவும் வசதியும் இந்தக் குறிப்புகளைப் படிக்கும் வசதியும் அதில் வந்துவிட்டன. ‘யூவி ரன்’ என்று கோப்பின் பெயரைச் சொன்னால், உள்ளே எழுதிய வெர்ஷன் கணினியில் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் முன்பே கம்பைல் செய்த பைதானைப் பதிவிறக்கும். நூலகங்களைத் தனிச் சூழலில் வைக்கும். பிறகு ஸ்கிரிப்டை ஓட்டும். கணினியில் ஏற்கெனவே இருக்கும் பைதானைத் தொடாது. கமாண்ட் மூன்று இயங்குதளத்திலும் ஒன்றே. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒரே வழிகாட்டியை அனுப்ப முடிகிறது என்பதை நான் பெரிய லாபமாகவே பார்க்கிறேன்.

எங்கள் எழுத்துரு மாற்றி ஸ்கிரிப்டில், பைதான் 3.11 அல்லது அதற்கு மேல், 3.14-க்குக் கீழ் என்றும், முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் நூலகம் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறோம். மேல் எல்லை எதற்கு? பைதான் ஒவ்வோர் அக்டோபரிலும் புது வெர்ஷன் வெளியிடுகிறது; சிலவற்றை நீக்கவும் செய்கிறது. 3.12-இல் ‘டிஸ்ட்யுட்டில்ஸ்’ நீக்கப்பட்டபோது அதை நம்பியிருந்த பழைய நூலகங்கள் நின்றன. சோதித்துப் பார்த்த எல்லைக்குள் ஓடட்டும், எல்லையை நாமே பார்த்துத் தள்ளுவோம்.

உபுண்டு 24.04 பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. அதில் சிஸ்டம் பைதானுக்குள் பிப்பால் நேரடியாக எதையும் நிறுவ முடியாது. ‘இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்’ என்று மறுத்துவிடும். அந்த மறுப்பை மீறும் கொடியை (கமாண்டோடு சேர்த்து அடிக்கும் குறிப்பை) பலர் இணையத்தில் பரிந்துரைக்கிறார்கள். வேண்டாம். இயங்குதளத்தின் சொந்தக் கருவிகளே அந்தப் பைதானை நம்பித்தான் இருக்கின்றன.

வடிவமைக்கும் அக்கா வைத்த நிபந்தனை ஒன்றுதான். “தம்பி, எனக்கு டெர்மினல் எல்லாம் வேணாம். டபுள் கிளிக் பண்ணா ஓடணும்.” நியாயமான கோரிக்கை. மேக்கில் ‘கமாண்ட்’ என்ற பின்னொட்டுள்ள ஒரு சிறு கோப்பில் அந்த ஒரு வரியை எழுதி, இயக்கும் அனுமதி கொடுத்தோம். விண்டோஸில் அதே வரியை ஒரு பேட்ச் கோப்பில் வைத்தோம். லினக்ஸில் ஷெபாங் வரியிலேயே யூவியை அழைக்கலாம். அதற்கு ‘என்வ்’ கமாண்டின் எஸ் கொடி வேண்டும், 2018-இல் வந்த கோர்யூட்டில்ஸ் 8.30 முதல் அது இருக்கிறது. லினக்ஸ் கெர்னல் இன்டர்ப்ரெட்டருக்குப் பின்னால் வரும் எல்லாவற்றையும் ஒரே வாதமாகத் தருவதால் அந்தக் கொடி இல்லாமல் முடியாது.

குறைகளும் உண்டு. முதல் தடவை ஓட்ட இணையம் வேண்டும். அதன்பின் எல்லாம் கணினியிலேயே சேமித்திருக்கும், ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே எல்லாக் கணினியிலும் ஒருமுறை ஓட்டி வைத்துவிடுவது எங்கள் வழக்கம். டெசராக்ட் மாதிரி பைதான் அல்லாதவற்றை யூவி கொண்டுவராது. இன்னொரு கவலை, இதை உருவாக்கியது ஒரு தனியார் நிறுவனம். நாளை அவர்கள் போக்கு மாறினால்? மூல நிரல் எம்ஐடி, அப்பாச்சி என்ற திறந்த உரிமங்களில் இருக்கிறது. அதைவிட முக்கியம், கோப்புக்குள் நாம் எழுதியது பைதானின் பொதுத் தரம். பிப்எக்ஸ், ஹேட்ச் போன்ற வேறு கருவிகளும் அதைப் படிக்கும். கருவி போனாலும் குறிப்பு நிற்கும்.

சரியான வெர்ஷன் வந்த பிறகும் பாக்கி இருப்பது

வெர்ஷன் ஒன்றாகிவிட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று எண்ணக்கூடாது. ஆங்கில அமைப்பில் உள்ள விண்டோஸில், என்கோடிங் (எழுத்துகளை எண்ணாக்கிச் சேமிக்கும் முறை) குறிப்பிடாமல் கோப்பைத் திறந்தால் பைதான் அதை 1252 என்ற பழைய அட்டவணைப்படி படிக்கும். யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் நம் புள்ளியின் கடைசி பைட் 8டி. உகரக் குறியின் கடைசி பைட் 81. இரண்டுக்கும் 1252-இல் இடமே இல்லை. ஆகவே பைதான் முதல் புள்ளியிலோ முதல் ‘கு’விலோ பிழை சொல்லி நின்றுவிடும். அதே வெர்ஷன், அதே கோப்பு, மேக்கில் ஒழுங்காக ஓடும். பைதான் 3.15 முதல் யூடிஎஃப்-8 இயல்பாகிறது. அதுவரை கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு வரியிலும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். பிறகும் எழுதினால் நஷ்டமில்லை.

கோப்புப் பெயரிலும் இப்படி ஒன்று உண்டு. ‘கொடி’ என்ற பெயரில் உள்ள ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகள் பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து வரும் கோப்பைப் பெயரால் தேடும் ஸ்கிரிப்ட், ஒப்பிடும் முன் இரண்டு பெயரையும் என்எஃப்சி (சேர்த்து எழுதும்) வடிவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆக, எங்கள் ஏற்பாடு இப்படி நிற்கிறது. மூன்று இடத்துக்கும் போகும் ஸ்கிரிப்ட் எல்லாம் பெப் 723 குறிப்போடு யூவியில். எழுத்தறியும் வேலை மட்டும் மினிஃபோர்ஜில். சர்வரில் இரவில் தானாக ஓடுபவை டாக்கரில். லினக்ஸும் மேக்கும் மட்டும் வைத்து, பைஎன்வ் ஏற்கெனவே பழகியிருக்கும் குழு அவசரப்பட்டு மாற வேண்டியதில்லை. அதன் வெர்ஷன் கோப்பை யூவியும் படிக்கும், வேண்டும்போது மாறலாம்.

மீதமிருப்பது அச்சகத்தில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளுக்காகவே வைத்திருக்கும் விண்டோஸ் 7 கணினி. அதில் ஓடும் கடைசிப் பைதான் 3.8, அதற்கான ஆதரவு 2024 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அதற்கென்று ஸ்கிரிப்டைப் பின்னோக்கித் திருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பேஜ்மேக்கரிலிருந்து உரையை வெளியே எடுக்க மட்டும் அந்தக் கணினி இருக்கட்டும். எடுத்த கோப்பைப் பக்கத்து மேசை விண்டோஸ் 10-க்குக் கொண்டுபோய் ஓட்டச் சொல்லியிருக்கிறோம்.